ஆடுகிறவனைக் கடுப்பேற்றாமல் சினாரியோ செய்வது எப்படி

2022 ஏப்ரலில் டைனாஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு (டிஎல்சி) வந்து, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் (சுருக்கமாக டிஇ) என்ற படை நடத்துகிற கம்ப்யூட்டர் கேமில் திராவிடர்கள் என்று தனியாக ஒரு நாகரிகமே கிடைத்ததா, அதிலிருந்து எங்கள் கூட்டத்தில், சொந்தமாக மேப்பும் கதையும் வைத்துச் சினாரியோ கட்டுகிற எடிட்டரைத் திறந்து பார்க்காத ஆளே கிடையாது. உருமி (சுருள்வாள்) வீரனையும் யானைகளையும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மதுரையைக் கட்டுகிறார்கள். ஒருத்தர் பாண்டியர் வீட்டு அண்ணன் தம்பி சண்டையை எடுக்கிறார், இன்னொருத்தர் 1311-ல் டில்லித் தளபதி மாலிக் காபூர் வந்ததை எடுக்கிறார், இன்னொருத்தருக்கு விஜயநகரத்துக் குமார கம்பணன்தான் வேண்டும். மேப்பைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆட உட்கார்ந்தால் இருபது நிமிஷத்தில் மவுஸைத் தள்ளிவிட்டு டீ குடிக்க எழுந்து போகத் தோன்றும்.

எதிரி பலமாக இருக்கிறான் என்று வருகிற கடுப்பு இல்லை இது. பலமான எதிரியிடம் தோற்றால் மறுபடி ஆடத்தான் கை பரபரக்கும். தோற்ற அந்த நொடியில் ‘அடுத்த தடவை குதிரையை முன்னாடி அனுப்பணும்’ என்று மண்டையில் ஏதாவது ஓடினால் அந்தத் தோல்வியில் குறையே இல்லை. ‘இது எனக்கு எப்படிடா தெரியும்?’ என்று வாயில் வந்தால், அங்கே மேப் செய்தவர்தான் சொதப்பியிருக்கிறார். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு உங்கள் சினாரியோவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சலித்துப் பாருங்கள், முக்கால்வாசிக் கோளாறு தானாக மேலே வந்துவிடும்.

பேச்சுக்கு ஒரு சினாரியோவை எடுத்துக்கொள்வோம். 1323-ல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, பிள்ளை லோகாசாரியார் அந்தக் கோயில் உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே வந்து, யானைமலைப் பக்கம் ஜோதிஷ்குடியில் மறைத்து வைத்தார் என்பது வைணவ மரபு. ஒத்தக்கடை பக்கத்துக் கொடிக்குளம்தான் அந்த ஊர் என்பார்கள். அப்புறம் எங்கெங்கோ சுற்றி 1371-ல்தான் திரும்ப ஸ்ரீரங்கம் போனது. சினாரியோவுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. வடக்கே துரத்துகிறவன், தெற்கே போகிற ஒரு வண்டி, கூட ஓடிவருகிற ஜனம், நடுவில் காடும் கண்மாயும். ஆனால் கதை எவ்வளவு நல்லதோ அவ்வளவு ஆபத்து, ஏனென்றால் இது காவல் போகிற ஆட்டம். ஸ்ட்ராடஜி ஆட்டங்களில் ஆடுகிறவர்கள் அதிகம் திட்டுவது இந்த வகையைத்தான்.

வண்டி செத்தால் ஆட்டம் காலி

பெரும்பாலும் செய்வது இதுதான்: ஒரு வண்டியை வைப்பார்கள், ‘டெஸ்ட்ராய் ஆப்ஜெக்ட்’ (அது அழிந்தால்) என்று ஒரு கண்டிஷன் போடுவார்கள், வண்டி உடைந்தால் ‘தோற்றுவிட்டீர்கள்’. எங்கிருந்தோ வந்த ஒரு வில்லாளி கூட்டத்துக்கு நடுவில் வண்டியை மட்டும் குறிபார்த்து அடிப்பான், நாற்பது நிமிஷ ஆட்டம் இரண்டு செகண்டில் முடிந்துபோகும். ஆடுகிறவன் செய்த தவறு என்ன என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது, செய்தவருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு அது சாமி வண்டி. அதைத் தூள் தூளாக உடைந்து விழ விடுவதே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள். வண்டியின் எச்பியை, அதாவது உயிர் அளவை, 2000-க்கு ஏற்றிவிடுங்கள். ‘ஆப்ஜெக்ட் எச்பி’ கண்டிஷனை வைத்து, 1500-க்குக் கீழே போனதும் ஒரு ட்ரிகர் எழும்பட்டும் (இந்தக் கண்டிஷன் வந்தால் இந்த எஃபெக்ட் நடக்கட்டும் என்று எடிட்டரில் எழுதி வைக்கிற விதிதான் ட்ரிகர்). அது ‘சேஞ்ச் ஓனர்ஷிப்’ எஃபெக்ட்டால் வண்டியை மூன்றாவது பிளேயர் ஒருவனிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த மூன்றாமவன் உங்களுக்கும் நட்பு, எதிரிக்கும் நட்பு, அதனால் அதற்கு மேல் வண்டியை யாரும் அடிக்கமாட்டார்கள். அதே ட்ரிகரில் ‘டாஸ்க் ஆப்ஜெக்ட்’ போட்டு வண்டியை வடக்கே ஓட்டுங்கள், ஆறு குதிரைக்காரர்களை அதைச் சூழ்ந்து போகவிடுங்கள். திரையில் ஒரு வரி: ‘வண்டி அவர்கள் கையில், வடக்கு எல்லையைத் தாண்டுவதற்குள் மறியுங்கள்’. அந்த ஆறு பேரும் செத்தால் வண்டி உங்களிடம் திரும்பிவிடும், எச்பியும் பழையபடி ஏறிவிடும். எல்லையைத் தொட்டால்தான் தோல்வி. அந்த ஆறு பேரையும் மேப்பிலேயே ஒரு மூலையில் முன்கூட்டி நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் ‘டெஸ்ட்ராய் ஆப்ஜெக்ட்’டில் ஒவ்வொருவரையும் கிளிக் செய்து சேர்க்க முடியும். ட்ரிகர் ஓடும்போது புதிதாக உருவாக்குகிற யூனிட்டை அப்படிக் குறிவைக்க முடியாது, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

நாலைந்து ட்ரிகர் கூடுதல் வேலைதான். ஆனால் ஆட்டத்தின் மிகப் பரபரப்பான ஐந்து நிமிஷம் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் தோற்க வேண்டிய இடத்தில் கிடைக்கும்.

கூட வருகிற ஜனத்துக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. இருபது பேர் கிளம்பட்டும், பன்னிரண்டு பேர் யானைமலை சேர்ந்தால் வெற்றி என்று வையுங்கள். ‘ஆப்ஜெக்ட்ஸ் இன் ஏரியா’வில் எண்ணிக்கையைப் போட்டால் முடிந்தது. ஒருத்தர் சாகும்போது வலிக்கும், ஆட்டம் தொடரும்.

முதுகுக்குப் பின்னால் முளைக்கிற படை

வண்டி மேலூர் தாண்டி ஒரு கண்மாய்க் கரைமேல் வருகிறது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு, வழி நெடுக பனை. பாதிக் கரை கடந்ததும் வண்டிக்குப் பின்னால், இப்போதுதான் கடந்து வந்த இடத்திலேயே, ‘கிரியேட் ஆப்ஜெக்ட்’டில் பன்னிரண்டு குதிரைகள் முளைக்கின்றன. தெரிந்த பையன் ஒருவன் இப்படி ஒரு மேப்பை ஆடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டது: “அண்ணே, இவய்ங்க எங்கிட்டிருந்துண்ணே வந்தாய்ங்க? இப்பத்தான அந்தப் பக்கமா வந்தேன், ஒருத்தனும் இல்லையேண்ணே.”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியாத ட்ரிகரைப் போடாதீர்கள்.

பதுங்கித் தாக்குவதே கூடாது என்று சொல்லவில்லை, அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை. அந்தப் பன்னிரண்டு குதிரைகளும் முதல் நொடியிலிருந்தே மேப்பில் இருக்கட்டும். கண்மாய்க்குக் கிழக்கே ஒரு பனங்காட்டுக்குள் நிறுத்துங்கள், நேரம் வரும்போது ‘டாஸ்க் ஆப்ஜெக்ட்’டால் கிளப்புங்கள். நேர்மையான ஏற்பாடு அது: ஒரு குதிரையை முன்னால் அனுப்பி வேவு பார்க்கிறவன் அவர்களைக் கண்டுபிடிப்பான், கரையில் ஏறாமல் சுற்றுவழி போவான். பார்க்காதவன் மாட்டுவான், மாட்டின பிறகு பனங்காட்டைப் பார்த்து ‘அடச்சே, இங்கேதான் இருந்தாய்ங்களா’ என்பான். அந்த ‘அடச்சே’ வந்துவிட்டால் அவன் ரெஸ்டார்ட் பட்டனை அழுத்துவான், கேமை மூடமாட்டான்.

குறிப்புக் காட்டுவதற்கும் கஞ்சத்தனம் வேண்டாம். கரைக்கு முன்னால் எரிந்துபோன ஒரு குடிசை, வழியில் கிடக்கிற ஒரு எலும்புக்கூடு, எதிரே ஓடிவருகிற ஒரு கிராமத்து ஆள், ‘கரைமேல போகாதீக சாமி’ என்று ஒரு வரி. இவ்வளவு போதும். கவனித்தவனுக்குப் பலன் உண்டு, கவனிக்காதவனுக்குக் குறை சொல்ல வாய் இல்லை.

கடிகாரம்

டைமர் கண்டிஷன் எண்ணுவது ஆட்டத்தின் நொடியை, உங்கள் கைக்கடிகாரத்து நொடியை இல்லை. டிஇயில் ‘நார்மல்’ வேகம் என்பது 1.7. அப்படியென்றால் 600 என்று போட்டுவிட்டுப் ‘பத்து நிமிஷம் கொடுத்தேனே’ என்றால், ஆடுகிறவனுக்குக் கிடைப்பது ஆறு நிமிஷத்துக்கும் கொஞ்சம் குறைவு. ‘ஃபாஸ்ட்’டில் ஆடினால் சரியாக ஐந்து. உத்தரவு கொடுக்கிற கை எல்லா வேகத்திலும் ஒரே வேகம்தானே, அதனால் நீங்கள் மெதுவான வேகத்தில் ஆடிப் பார்த்துவிட்டு ‘சுலபம்தானே’ என்று சொன்னால் செல்லாது. நீங்கள் தாராளம் என்று நினைக்கிற நேரத்துக்கு மேலே பாதி சேர்த்துக் கொடுங்கள். இரண்டாவது, டைமர் இருந்தால் திரையில் தெரியட்டும். அதற்கென்றே ‘டிஸ்ப்ளே டைமர்’ எஃபெக்ட் டிஇயில் இருக்கிறது. மறைவாக ஓடுகிற டைமரில் ஒருத்தனைத் தோற்கடிப்பது, சொல்லாத பாடத்தில் பரீட்சை வைக்கிற வேலை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. டைமர் எண்ண ஆரம்பிப்பது அந்த ட்ரிகர் உயிர்பெற்ற நேரத்திலிருந்து. ஆட்டம் தொடங்கும்போதே ட்ரிகர் ‘ஆன்’ ஆக இருந்தால், கதை வசனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரமும் ஓடிவிடும். வசனம் முடிந்த பிறகு ‘ஆக்டிவேட் ட்ரிகர்’ வைத்துக் கிளப்புங்கள்.

நம்ம ஊர்த் தெருவை அப்படியே போடாதீர்கள்

மதுரை மேப் செய்கிறவர்கள் எல்லாருமே விழுகிற குழி இது. கோயில் நடுவில், சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரம். எடிட்டரில் மேலிருந்து பார்க்க அட்டகாசமாக இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லாருக்கும் அனுப்பவும் தோன்றும். ஆனால் ஆர்வத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு மதில், ஒவ்வொரு மதிலுக்கும் ஒரே ஒரு வாசல், அதுவும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் கிழக்கே ஒன்று மேற்கே ஒன்று என்று வைத்தால், உள்ளே போகிற படை பாம்பு மாதிரி ஊரைச் சுற்றிச் சுற்றி வரும். முன்னால் போகிற யானை வாசலில் நிற்கும், பின்னால் வருகிற வில்லாளி ‘வழியில்லை’ என்று திரும்பி வேறு வாசல் தேடி எதிரி கோட்டை முன்னாலேயே தனியாக நடந்து போவான். அவன் சாவதற்கு ஆடுகிறவன் எப்படிப் பொறுப்பு?

நிஜ மதுரைக் கோட்டையும் இப்படி இல்லை. நாயக்கர் காலக் கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்து, அந்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. அதாவது மதில் இருந்தது ஊரின் வெளிச்சுற்றில். உள்ளே இருந்தவை தேர் ஓடுகிற வீதிகள். அதையே மேப்பிலும் செய்யுங்கள்: வெளியே ஒரே பெரிய மதில், நாலு பக்கமும் வாசல், உள்ளே அகலமான தெருக்கள். சரித்திரத்துக்கும் பக்கம், ஆட்டத்துக்கும் நல்லது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மிச்சம் நிற்கிற அந்தக் கோட்டை வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் கனத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வந்து எடிட்டரில் உட்காருங்கள், ஒரே ஒரு மதில் எவ்வளவு வேலை செய்யும் என்று புரியும்.

அகலத்துக்கு ஒரு சோதனை உண்டு. நாற்பது யூனிட்டை, யானையும் கலந்து, ஒரே பெட்டியாகச் செலக்ட் செய்து அந்த வழியே ஒரே கிளிக்கில் அனுப்புங்கள். எல்லாரும் மறுபக்கம் வந்து சேர்ந்தால் சரி. நாலு பேர் வேறு வழியாகப் போய்விட்டாலோ, வாயிலேயே முட்டிக்கொண்டு நின்றாலோ வழியை அகலமாக்குங்கள். மலைக்கு நடுவே ஒற்றைக் கட்ட இடுக்கு என்பதெல்லாம் பத்துப் பேர் படைக்குத்தான் செல்லும்.

வைகைக்கும் இதே கதைதான். ஆழமான நீலத் தண்ணீராகப் போட்டு ஒரே ஒரு பாலம் வைக்காதீர்கள். வைகை வருஷத்தில் பாதி நாள் மணல்தான் என்று நமக்குத் தெரியாதா. ஆழமற்ற தண்ணீரும் மணலும் கலந்து போட்டால் பத்து இடத்தில் கடக்கலாம், எங்கே கடப்பது என்பது ஆடுகிறவனின் முடிவாகிவிடும், எதிரியும் எல்லா இடத்தையும் காவல் காக்க முடியாது. ஒரே மாற்றத்தில் மேப்புக்கு உயிர் வந்துவிடும்.

மேப் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 480-க்கு 480 கட்டம் கொடுக்கிறார்கள் என்பதற்காக அதை எடுக்கத் தேவையில்லை. காலாட்படை ஆட்டத்து நொடிக்குச் சுமார் 0.9 கட்டம் நடக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக நடந்தாலே நார்மல் வேகத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல், சும்மா நடப்பது மட்டும். 200 கட்ட மேப்பில் அதுவே இரண்டு நிமிஷம் சொச்சம். திருச்சியிலிருந்து மதுரை வரைக்கும் உள்ள சாலையில் துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று மூன்று நிறுத்தம் வைக்க 200 தாராளமாகப் போதும்.

அடிக்க அடிக்க வருகிறவர்கள்

திரும்பத் திரும்ப ஓடுகிற லூப் ட்ரிகரில் நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டுக் குதிரை. எத்தனை கொன்றாலும் வரும். செய்தவர் ‘டென்ஷன் வரணும்ல’ என்பார். முதல் மூன்று அலைக்கு டென்ஷன் வரும், நாலாவதிலிருந்து சலிப்பு, ஏனென்றால் கொல்வதற்கும் கொல்லாததற்கும் வித்தியாசம் இல்லை என்று ஆடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான். அந்த லூப்பை ஏதாவது ஒரு கட்டடத்தோடு கட்டிப்போடுங்கள். கொட்டாம்பட்டிக்கு வடக்கே ஒரு பாளையம், அதில் குதிரை லாயம். லாயம் இருக்கும்வரை அலை வரும், இடித்தால் ‘டீஆக்டிவேட் ட்ரிகர்’, அலை நின்றுவிடும். இப்போது அவனுக்கு ஒரு தேர்வு இருக்கிறது: வண்டியை விட்டுவிட்டுப் பாதிப் படையோடு போய் லாயத்தை இடிப்பதா, அலையைத் தாங்கிக்கொண்டே தெற்கே போவதா.

இடிக்கச் சொன்னால் இடிக்கிற ஆயுதத்தையும் கொடுக்க வேண்டும். திராவிடர்களுக்கு மரத்து முட்டுவண்டி கிடையாது, அதன் இடத்தில் கவச யானை. அதை முடக்கிவிட்டு ‘கோட்டையை இடி’ என்று சொன்ன மேப்பையும் பார்த்திருக்கிறேன், ஐம்பது வாள்வீரர்கள் சுவரைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

பொருள் விஷயமும் இதே மாதிரி. குறைவாகக் கொடுங்கள், ஆனால் பூஜ்யத்தில் மாட்டி நிற்கும்படி விடாதீர்கள். ஒரு கிராமத்து ஆளை உருவாக்க 50 உணவு வேண்டும். கையில் 40 உணவு, ஆள் ஒருத்தனும் இல்லை என்று வந்துவிட்டால் அந்த ஆட்டம் செத்தது, ஆனால் தோல்வி என்றும் அறிவிக்காது. அவன் அரை மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருப்பான். ஆள் எண்ணிக்கை பூஜ்யமானால் பக்கத்து ஊரிலிருந்து மூன்று பேர் வருகிற மாதிரி ஒரு ட்ரிகர் வைத்துவிடுங்கள்.

கடைசி ஆளைத் தேடி அலைவது

ஜெயித்தாகிவிட்டது, எதிரி ஊர் தரைமட்டம். ஆனாலும் வெற்றி வரவில்லை. மேப் முழுக்கத் தேடினால் எங்கேயோ ஒரு மூலையில் ஒருத்தன் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். ‘எல்லாரையும் ஒழித்தால்’ என்ற கண்டிஷனை வைக்கவே வைக்காதீர்கள். ‘ஓன் ஃபியூவர் ஆப்ஜெக்ட்ஸ்’ வைத்து எதிரியின் படைவீரர்கள் ஐந்துக்குக் கீழே போனால் வெற்றி என்று முடித்துவிடுங்கள். அல்லது முக்கியமான கட்டடம் இரண்டைக் குறித்து, அவை விழுந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

‘பிரிங் ஆப்ஜெக்ட் டு ஏரியா’விலும் இதே மாதிரி ஒரு தொல்லை. யானைமலை அடிவாரத்தில் இரண்டுக்கு இரண்டு கட்டம் ஏரியா வரைந்துவிட்டு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதன்மேலேயே ஒரு பாறையை வைத்துவிடுவார்கள். வண்டி பக்கத்தில் வந்து நிற்கும், ஒன்றும் நடக்காது. எட்டுக்கு எட்டாவது வரையுங்கள், நாலு மூலையிலும் கொடி நடுங்கள், அதற்குள் எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் வேலை செய்கிறதா என்று நாலு பக்கமிருந்தும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம், அந்தக் கண்டிஷனில் நீங்கள் குறிப்பிட்ட ஆள் வழியிலேயே செத்துவிட்டால் என்ன ஆகும்? அந்த ட்ரிகர் எந்தக் காலத்திலும் எழும்பாது. குறிப்பிட்ட ஆளை நம்புகிற ஒவ்வொரு ட்ரிகருக்கும் ‘இவன் செத்தால்’ என்று இன்னொரு ட்ரிகர் ஜோடியாக இருக்கவேண்டும். காகிதத்தில் இரண்டு பத்தியாக எழுதி வைத்துச் சரிபார்த்தால் பத்து நிமிஷ வேலை.

வசனம், பிறகு மறுபடி அதே வசனம்

எழுத வருகிறவர்கள்தான் சினாரியோ செய்கிறார்கள், அதனால் வசனம் நீளும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் தோற்றுப்போய் மறுபடி ஆரம்பிக்கிறவன் அதே நாலு நிமிஷ வசனத்தை மறுபடி கேட்கவேண்டியிருந்தால், பெருமாளே வந்து பேசினாலும் அவனுக்கு எரிச்சல்தான் வரும். ஆரம்ப வசனத்தை நடையோடு கலந்துவிடுங்கள், அவன் வண்டியை நகர்த்திக்கொண்டே படிக்கட்டும். கேமராவைப் பிடுங்கி வேறு பக்கம் காட்டுகிற ‘சேஞ்ச் வியூ’வைச் சண்டை நடக்கும்போது தொடவே கூடாது. ரொம்பக் கஷ்டமான இடத்துக்குச் சற்று முன்னால் ‘இங்கே சேவ் செய்துகொள்ளுங்கள்’ என்று வெட்கப்படாமல் ஒரு வரி போடுங்கள். கரண்ட் போகிற ஊரில் ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கஷ்ட அளவைப் பற்றி: எல்லாரையும் ஒரே மேப்பில் திருப்திப்படுத்த ‘டிஃபிகல்டி லெவல்’ கண்டிஷன் இருக்கிறது. சுலபத்தில் ஆடுகிறவனுக்குப் பனங்காட்டில் ஆறு குதிரை, கஷ்டத்தில் ஆடுகிறவனுக்குப் பதினாறு. எண்ணிக்கையை மாற்றுங்கள், எதிரியின் எச்பியை ரகசியமாக ஏற்றாதீர்கள். ஒரு சாதாரணக் குதிரைக்காரன் எத்தனை அடியில் விழுவான் என்பது ஆடுகிறவன் கையிலேயே ஊறிப்போன கணக்கு, அதைத் திருட்டுத்தனமாக மாற்றினால் அவனுக்கு எந்தக் கணக்குமே போடமுடியாது. தனியாகப் பெயர் வைத்த தளபதிக்கு மட்டும் ஏற்றலாம், பெயரைப் பார்த்ததும் அவனே புரிந்துகொள்வான்.

வேறு ஒருத்தரை உட்காரவையுங்கள்

உங்கள் மேப்பை நீங்களே ஆடிப் பார்ப்பது ட்ரிகர் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும்தான் உதவும். கஷ்டமா, கடுப்பா என்பது தெரியவே தெரியாது, பனங்காட்டில் குதிரை இருப்பது உங்களுக்குத் தெரியுமே. தம்பியையோ, மாமா பையனையோ, பக்கத்து வீட்டுப் பையனையோ பிடித்து உட்காரவையுங்கள். நீங்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளவேண்டும், அதுதான் முக்கியம், அதுதான் சிரமமும். ‘அங்கிட்டு இல்லடா, இங்கிட்டு’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்தச் சோதனை வீண். இணையத்தில் இறக்கி ஆடுகிறவன் பின்னால் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

ஒரு நோட்டில் மூன்று விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே அவன் ‘என்னண்ணே இது’ என்று திரும்பினான், எங்கே ஒன்றும் செய்யாமல் மேப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், எங்கே போனை எடுத்தான். முதலாவது என்றால் அங்கே குறிப்புப் போதவில்லை. இரண்டாவது என்றால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது அப்ஜெக்டிவ் பட்டியலில் தெளிவாக இல்லை. மூன்றாவது என்றால் நடை நீளம், அந்த இடத்தைக் கத்தரியுங்கள். எங்கே தோற்றான் என்பது அவ்வளவு முக்கியமில்லை, தோற்ற பிறகு என்ன சொன்னான் என்பதை மட்டும் அவன் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.

ஒரே பையனை மறுபடி மறுபடி உட்காரவைத்தால் அவனுக்கும் மேப் மனப்பாடம் ஆகிவிடும், ஆளை மாற்றிக்கொண்டே இருங்கள். ஸ்ட்ராடஜி ஆட்டமே ஆடாத ஒருத்தராவது அதில் இருக்கட்டும். நன்றாக ஆடுகிறவர்கள் மோசமான மேப்பையும் கைத்திறமையில் தாண்டிவிடுவார்கள், உங்களுக்குக் கோளாறு தெரியாமல் போய்விடும்.

திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். குதிரையையும் குறைத்து, டைமரையும் கூட்டி, வழியையும் அகலமாக்கிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாமல் அடுத்த தடவை எல்லாவற்றையும் மறுபடி கிளறவேண்டி வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோப்பின் பெயரில் எண்ணை ஏற்றிச் சேமியுங்கள். வெளியிடும்போது விவரத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த வேகத்தில் சோதித்தது, எந்த டிஎல்சி வேண்டும் என்று எழுதுங்கள். திராவிடர்களை வைத்துச் செய்ததை அந்த டிஎல்சி இல்லாதவன் இறக்கிவிட்டு வந்து திட்டினால், அதற்கு மட்டும் மேப்பில் ஒரு ட்ரிகரும் உதவாது.